எதற்காக இறக்கினீர்கள்?

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை மதியம் சென்னை விமான நிலையத்தில் நடந்தது இது. நான் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். புது மாடல்களை டெல்லியில் காட்டி ஆர்டர் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். அதுதான் என் முதல் விமானப் பயணம்.

பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகு விமான கம்பெனி ஊழியர் ஒருவர் வந்து என்னை இறங்கச் சொன்னார்.

"இன்னாத்துக்கு சார்? இது என் சீட்டுதானே?"

"ஃபிளைட் ஃபுல் மேடம். எங்க ஸ்டாஃப் ஒருத்தர் அவசரமா போணும். நீங்க அடுத்ததுல வாங்க."

மீட்டிங் போய்விடும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. எழ மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களுடைய பெண் ஊழியர்கள் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. திருடியைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து சீட்டுப் பெண் மட்டும் எழுந்து நின்று, "எல்லாம் வீடியோ எடுத்துட்டேன், என் நம்பர் வச்சுக்கோங்க" என்று பத்து எண்களையும் சத்தமாகச் சொன்னார். மனதுக்குள் சொல்லிக்கொண்டே போய், வெளியே வந்ததும் பையிலிருந்த மாடல் ஷூ டப்பா மேல் எழுதினேன்.

ஆர்டர் கை நழுவிப் போனது. எங்கள் கம்பெனி விளக்கம் கேட்டு எழுதியதற்கு, நான் தகராறு செய்ததால்தான் இறக்கினோம் என்று விமான கம்பெனி பதில் அனுப்பியது. "ஏம்மா, அங்க போய் சண்ட போட்டியா?" என்று எங்கள் மேனேஜர் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் குடியிருப்பது வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் என்பதால் வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். வக்கீல் வைக்கவில்லை. வாய்தா வாய்தாவாக லீவு போட்டு அலைந்தேன். கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல், "விமானத்துக்குள்ள கேப்டன் வச்சதுதான் சட்டம். அடாவடி பண்ற பயணிய இறக்கலாம்" என்றார்.

நான் எழுந்தேன். "ஐயா, அந்த அதிகாரம் பாதுகாப்புக்குக் குடுத்தது. அவங்க ஆளுக்கு சீட்டு வேணும்னா என்னை இறக்கலாமா? எறங்கச் சொன்னப்புறம்தான் மாட்டேன்னேன். அதுக்கு முன்னாடி நான் இன்னா தப்பு பண்ணேன்?"

பிறகு பக்கத்து சீட்டுப் பெண் எனக்கு அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டார்கள். 'எங்க ஸ்டாஃப் ஒருத்தர் அவசரமா போணும்' என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இதுல பாதுகாப்புப் பிரச்சினை எங்க இருக்கு?" என்று ஆணையத் தலைவர் கேட்டார்.

உட்கார வைத்த பயணியைத் தன் வசதிக்காக இறக்கியது சேவைக் குறைபாடு, பலவந்தம் செய்ததற்கும் அந்தக் கம்பெனியே பொறுப்பு, இழப்பீடு தருவதோடு எழுத்தில் மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மன்னிப்புக் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியவர் எங்கள் மேனேஜர்தான்! தையல் செக்‌ஷன் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். "யக்கா, உனக்கு தில்லு ஜாஸ்திக்கா!" என்று ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சட்டமெல்லாம் பெரிய இடத்து விஷயம் என்று ஒதுங்கியே வாழ்ந்தவள் நான்; பத்தாவது படித்த என் வாயிலிருந்து வந்த நியாயமும் அங்கே எடுபட்டது என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.