சுரண்டி எடுத்த தகரச் சாய்ப்பு

சாய்ப்பை அழித்தவர் நீங்கள்தான், தலைவரே. மழைமேல் பழி போட வேண்டாம்.

எண்பதுகளில் நான் ஈப்போவில் மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பெரிய கூட்டம் என்றால் மண்டபத்தை அளந்து வருவேன். அதைக் கத்தியால் நெடுக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி டிரேசிங் தாளில் மையால் வரைவேன். மேடை, கூரை, உத்தரம், தரை. பிறகு உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்கு ஒரு புள்ளிக்கோடு. ஸ்பீக்கரிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஸ்கேல் வைத்து இழுத்தால் போதும். சத்தம் எதுவரை போகும், எந்த உத்தரத்தில் முட்டி நிற்கும் என்பது தெரிந்துவிடும். இன்று கணினியில் செய்கிறார்கள். அங்கே அழித்தால் தடம் இருக்காது. டிரேசிங் தாளில் மையைப் பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் சொரசொரப்பாகவே நிற்கும்.

நான் பிறந்த ரப்பர் தோட்டம் கோப்பெங் பக்கம். அதை விற்றுவிட்டார்கள். தொழிலாளிகள் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டுப் பக்கத்திலேயே கொஞ்சம் வீடுகள் கட்டித் தருவதாகப் பேச்சு. யார் யாருக்கு வீடு என்று முடிவு செய்ய, எங்கள் சங்கத் தலைவரான நீங்கள் தோட்ட மண்டபத்தில் கூட்டம் வைத்தீர்கள். என் அக்கா அங்கேதான் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போனவள், புருஷன் செத்த மறுவாரமும் வெட்டப் போனவள். வீடு கிடைக்கும் என்று நம்பியிருந்தாள்.

அந்த மண்டபத்தில் ஆண்கள் உள்ளே நாற்காலியில் உட்காருவார்கள். பெண்கள் பின்னால் இறக்கிய தகரச் சாய்ப்பில், பாய் விரித்துத் தரையில். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. சாய்ப்பின் உத்தரம் தாழ்வு. மேடை ஸ்பீக்கரின் சத்தம் அதில் முட்டி நின்றுவிடும். அதனால் பெண்களுக்குத் தனியாக, தாழ்வாக ஒரு புள்ளிக்கோடு போட்டேன். சாய்ப்புக்குள் இரண்டு ஸ்பீக்கர் மாட்டுவதாக வரைந்தேன்.

நீங்கள் கடைக்கு வந்தீர்கள். முதலாளி படத்தை மேசையில் விரித்தார். நீங்கள் சாய்ப்பின்மேல் விரலை வைத்தீர்கள்.

"இது எதுக்குமா?"

"பொம்பளைங்க உக்கார்ற எடம்ங்க. அங்க ஒண்ணும் கேக்காது."

"அவங்க தேத்தண்ணிக்கு வர்றவங்கலா. வீட்டுக்குப் போனா புருஷன் சொல்லப்போறான்."

"புருஷன் இல்லாதவங்களுக்கு?"

முதலாளி என்னை முறைத்தார். நீங்கள் சிரித்தீர்கள். "அவங்களுக்கு நீ போய்ச் சொல்லுமா" என்றீர்கள். என் மேசையிலிருந்த பிளேடை எடுத்து, இரண்டு ஸ்பீக்கரையும் சுரண்டினீர்கள். அதோடு விடாமல் சாய்ப்பையும் சுரண்டினீர்கள். புள்ளிக்கோடும் போயிற்று. படத்தில் மண்டபம் பின்சுவரோடு முடிந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பையன்கள் செட் கட்டினார்கள்.

கூட்டத்தன்று நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியான மழை தகரத்தில் இறங்கியது. நீங்கள் மேடையில் ஒரு தாளை வைத்துப் படித்தீர்கள். வாய் அசைவதுதான் தெரிந்தது.

"என்னாடி சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

உள்ளே ஆண்கள் கை தட்டினார்கள். எங்கள் கூட்டங்களில் முன்னால் தட்டினால் பின்னாலும் தட்டுவார்கள். கோயில் கூட்டம், பள்ளிக்கூட விழா, எல்லாவற்றிலும் அதுதான். சாய்ப்பு முழுவதும் தட்டியது. அக்காவும் தட்டினாள். என் தொடையில் இடித்து, "தட்டுடி, என்னா பாத்துக்கிட்டு இருக்கே" என்றாள்.

நான் தட்டவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் தட்டினாலும் தட்டாவிட்டாலும் எனக்கு அங்கே வீடு கிடையாது.

மழை விட்டதும் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். டின் பாலை ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். குடும்பத் தலைவன் இருக்கிற வீட்டுக்குத்தான் புதுவீடு. தனியாக இருக்கிற பெண்கள் காலி செய்ய வேண்டும். மறுப்பு இருந்தால் எழுந்து நிற்கச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். யாரும் நிற்கவில்லை.

"என்னாக்கா, நீங்களே கை தட்டிட்டு இப்ப கேக்குறீங்க" என்றார் அவர். கிண்டல் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். நேராக உங்களிடம் போனாள். "முடிஞ்சிருச்சு, ஏகமனசா முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினீர்கள்.

அக்கா கோப்பெங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவினாள். கடைக்குப் பின்னால் சன்னல் இல்லாத அறையில் இருந்தாள். அங்கேயே செத்தாள். நான் போகும்போதெல்லாம் உங்களைத் திட்ட மாட்டாள். "நான் எதுக்குடி கை தட்டுனேன்?" என்றுதான் கேட்பாள். அவளைப்போல இன்னும் பல பெண்கள் தட்டினார்கள், போனார்கள்.

உங்களுக்குப் புதுவீடு மூலைவீடாகக் கிடைத்தது. இன்னமும் மேடைகளில் மாலை விழுகிறது. எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரு கேள்விதான். பிளேடை எடுத்த அன்று, பிறகு மேடையில் படிக்கப்போகும் தாளில் என்ன இருக்கும் என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? என் காதில் வந்து சொல்ல வேண்டாம். அடுத்த முறை மாலை போடும்போது, மிஞ்சியிருக்கிற அந்தப் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்து, மைக்கில் சொல்லுங்கள்.