அவருக்கென்று ஒரு போர்டும் இல்லை

துடியலூரில் மேம்பால வேலைக்காகச் சாலையை அடைத்திருந்தோம். மாற்றுப்பாதை போர்டுகளை எங்கே வைப்பது என்று திட்டமிடுவது என் வேலை. ஒரு காலையில், வெள்ளைக் கோலோடு வந்த ஒருவர் எங்கள் தடுப்பில் முட்டி நின்றார்.

"ஏனுங்க, பஸ் ஸ்டாப்புக்கு எப்படிங்க போறது?"

"போர்டு வெச்சிருக்கோமுங்க, அதைப் பார்த்து..." என்று தொடங்கியவன், அவர் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

என் முழங்கையைப் பிடிக்கச் சொல்லி அழைத்துப் போனேன். நடைபாதை எங்கேயும் மிச்சமில்லை. லாரிகள் உரசிப் போகும்போதெல்லாம் அவர் பிடி இறுகியது.

பஸ் ஏறும்போது கேட்டார்: "சாயங்காலமும் இப்படித்தானுங்க வரணும். நீங்க இருப்பீங்களா?"

மதியமே எனக்கு வேறு சைட். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மாலையில் அவரைக் கூட்டிப்போகும்படி எங்கள் சைட் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அன்று மாலை அந்தச் சாலையை அவர் எப்படிக் கடந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.