உலக்கை காத்த வீடு

பத்து அறைகளின் சாவிகள் என் இடுப்பில் தொங்குகின்றன. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கும் தங்கும் விடுதியில் எனக்கு வேலை. ஓர் அறையைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நாலு படி இறங்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். திரும்ப ஏறிப் போய் இன்னொரு முறை இழுப்பேன். என் வீட்டுக்காரர், "உன்னைப் பாத்தா பூட்டே பயப்படுது" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறு எதில் பொறுப்பு காட்ட முடியும்?

இத்தனைக்கும் ஒன்பது வயது வரைக்கும் நான் பூட்டைக் கையால் தொட்டது கிடையாது. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பூட்டு இல்லை. வீட்டில் யாரும் இல்லையென்றால் வாசற்படியின் குறுக்கே உலக்கையைக் கிடத்திவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். இரும்புப் பூண் போட்ட முனை மலைப்பக்கம் இருக்க வேண்டும். தாண்டி உள்ளே போனவனுக்குக் கால் விளங்காது என்பார்கள். அப்படி யாருக்கும் விளங்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. யாரும் தாண்டவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம் என்பாள் அம்மா.

பௌர்ணமி அன்று தெருவில் எல்லா வாசலிலும் உலக்கை கிடக்கும். ஜனம் சாயங்காலம்தான் நடக்க ஆரம்பிக்கும் என்றாலும் பாதையோரம் இடம் பிடிக்க மத்தியானமே போய்விட வேண்டும். மோர், சுண்டல், எலுமிச்சம்பழம் என்று ஆளுக்கொரு வியாபாரம். நாங்கள் மல்லாட்டையை, வேர்க்கடலைதான், வேகவைத்துக் காகிதப் பொட்டலத்தில் விற்போம். அந்த மத்தியானங்களில் எங்கள் தெருவில் நாய்கூட இருக்காது. நாய்களும் ஜனம் இருக்கும் இடத்துக்குப் போய்விடும்.

என் சித்தப்பா அப்படி ஒரு பௌர்ணமியில்தான் போனார். எனக்கு ஐந்து வயது. பாதையோரம் இருந்த எங்கள் நிலம் அப்பாவுக்கும் அவருக்கும் பொது. காரில் வந்த ஒருவர் அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா விற்கலாம் என்றார், சித்தப்பா கூடாது என்றார். வாய்ச்சண்டை முற்றி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கியவர் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். சுற்றி வந்தவர்கள் வந்தார்கள். அவர் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, செங்கம் பக்கம் ஓர் ஏரியில் பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா போய்விட்டு வந்து, வீட்டுக்குள் நுழையாமல் வாசல் தொட்டியடியில் நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

"அவன்தான்."

"மொகத்தப் பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"மொகம் எங்க இருந்துது."

"காலு?"

அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துவட்டினார்.

பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பாவின் படம் நடு வீட்டில் ஏறியது. திருவிழாக் கடையில் எடுத்த படம், பின்னால் வரைந்த மயில் இருக்கும். அதற்குச் சந்தனச் சீவல் மாலை போட்டார்கள். கார்க்காரர் மறுபடி வர ஆரம்பித்தார். இனி ஓர் ஆள் கையெழுத்து போதும், காகிதம் எல்லாம் தயாராகட்டும் என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு ஓட்டு வீடு கட்டலாம் என்று அப்பா சொன்னார். எனக்குச் சந்தோஷம். மழைக்கு ஒழுகுமே என்று ஒவ்வொரு மேகத்துக்கும் கவலைப்பட்டவள் நான்.

அடுத்த பௌர்ணமி முடிந்து வீடு திரும்பினோம். வாசலில் உலக்கை கிடந்தது. ஆனால் பூண் மலைப்பக்கம் இல்லை, இந்தப் பக்கம் இருந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். உள்ளே போனால், படத்தின் மாலை கீழே தரையில் இருந்தது. அறுந்து விழுந்த மாதிரி இல்லை. வட்டமாகச் சுருட்டி, துணி மடித்து வைப்பது போல வைத்திருந்தது.

"பூனை" என்றார் அப்பா, எடுத்து மாட்டினார்.

பூனைக்கு மாலை சுருட்டத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க நான் படத்தைப் பார்க்காமல், சுவரோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவேன்.

அதற்கு அடுத்த பௌர்ணமிக்கு மழை வரும்போல இருந்ததால் சீக்கிரமே மூட்டை கட்டினோம். வெயில் இறங்கவில்லை. உலக்கையின் பூண் மறுபடி இந்தப் பக்கம். சாணம் மெழுகிய தரையில் ஈரக்கால் தடங்கள். தொட்டியடியிலிருந்து வந்து, படி ஏறி, படத்துக்கு நேர் கீழே போய் நின்றிருந்தன. வந்த தடம் இருந்தது, போன தடம் இல்லை. மாலை தரையில் சுருண்டிருந்தது.

அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்து வைத்திருந்த கம்மல் அப்படியே இருந்தது. காகிதங்கள் இருந்த தகரப்பெட்டி திறக்கப்படவில்லை. ஒன்றும் களவு போகவில்லை என்பதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போயிருப்பான், போய்விட்டான் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம்.

நான் குந்தி உட்கார்ந்து தடத்தைப் பார்த்தேன். வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நாலு. பேய்க்கு ஒரு காலில் நாலு விரல்தான் போலிருக்கிறது என்று எனக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "திருட வர்றவன் எவனாச்சும் காலக் கழுவினு வருவானா? இது வூட்டு மனுசன் பழக்கம்டியம்மா" என்றாள்.

"உன் வேலையப் பாரு பெரிம்மா" என்று அப்பா கத்தினார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாளே டவுனுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தார். ஆசாரியை வைத்துக் கதவில் கொண்டி அடித்தார். அந்தச் சத்தத்துக்குத் தெருவே கூடியது.

"இன்னாடா, தங்கமா கொட்டி வெச்சிருக்க?"

"எங்களையெல்லாம் திருடனாக்கிட்ட, ரொம்ப சந்தோஷம்."

அப்பா உலக்கையை எடுத்து அடுப்படி மூலையில் சாத்தினார். பூட்டு இருக்கும்போது இது எதற்கு என்றார். அன்றிலிருந்து கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு உறைமோர் கேட்டுக்கூட யாரும் வரவில்லை. எனக்கு மட்டும் பூட்டு பிடித்திருந்தது. சாவியை முகர்ந்து பார்த்தால் நாக்கில் காசு வைத்த மாதிரி ஒரு வாசனை.

மூன்றாவது பௌர்ணமி. கையெழுத்துக்கு நாலே நாள் இருந்தது. பாதையில் கடை போட்ட பிறகுதான், பொட்டலம் கட்டும் பழைய பேப்பரை வீட்டிலேயே மறந்துவிட்டது தெரிந்தது. அப்பா மல்லாட்டைக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தார், அம்மாவால் அடுப்பை விட்டு நகர முடியாது. சாவியை என் கையில் கொடுத்தார் அப்பா.

"உள்ள போனதும் தாழ்ப்பாள் போட்டுக்க. யார் கூப்பிட்டாலும் தெறக்காத. வூட்ல யாரும் இல்லன்னு சொல்லிடு."

தெருவில் வெயில் மட்டும்தான் இருந்தது. இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் உலக்கை. எங்கள் வாசல் ஒன்றுதான் மொட்டையாக இருந்தது. பூட்டைத் திறந்து, அதை யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று கையோடு உள்ளே கொண்டுபோய், தாழ்ப்பாள் போட்டேன். படத்தைப் பார்க்காமல் பரண் அடியில் கிடந்த பேப்பர்க்கட்டை இழுத்தேன்.

அப்போது தொட்டியடியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

ஒரு சொம்பு. பிறகு இன்னொரு சொம்பு. ஒரு காலை மறு காலால் தேய்த்துக் கழுவுகிற சத்தம். சொம்பைக் கவிழ்த்து வைக்கிற சத்தம். அம்மாவும் கவிழ்த்துத்தான் வைப்பாள். காலடி படி ஏறி, கதவுக்கு அந்தப்புறம் வந்து நின்றது. கதவிடுக்கில் விழுந்துகொண்டிருந்த வெயில் கோடு மறைந்துபோனது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. நான் மூச்சை வாயால் விட்டுக்கொண்டிருந்தேன்.

"உலக்கை எங்க?" என்றது ஒரு குரல்.

யாரோ சொந்த வீட்டில் வைத்த பொருளைத் தேடுகிற மாதிரிதான் கேட்டது. அதட்டல் இல்லை. ஒரு விரல் கொண்டியைத் தடவியது. இரும்பில் நகம் படுவது கேட்டது.

"உள்ள யாரு?"

அப்பா சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"வூட்ல யாரும் இல்ல."

கதவுக்கு வெளியே மெல்லச் சிரிப்பு.

"நானும் இல்லன்னுதான் சொல்றாங்களாம், பாப்பா."

பேப்பர்க்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டினேன். தலைக்கு மேலே எது இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கிருந்து நகர்ந்து உலக்கை சாத்தியிருந்த மூலைக்கு ஓடினேன். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த மாலைய மட்டும் எடுத்துடு பாப்பா. கழுத்து நமைக்குது."

தகரப்பெட்டி மேல் ஏறி நின்றால் எனக்கு எட்டும். எட்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் போகவில்லை. பேப்பரைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் திறந்தபோது வெயில் கோடு பழையபடி தரையில் விழுந்திருந்தது.

பேப்பர் வராததால் அம்மாவே தேடிக்கொண்டு வந்தாள். அவள் குரல்தானா என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தேன். அம்மா உள்ளே வரவில்லை. வாசற்படியைப் பார்த்தபடி நின்றாள். கதவைப் பார்த்து நின்ற இரண்டு ஈரக்கால் தடங்கள். வெயிலில் ஓரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. குந்தி உட்கார்ந்து, இடது தடத்தின் மேல், அந்த நாலு விரல் மேல், உள்ளங்கையை வைத்தாள். ஈரம் முழுக்கப் போகிற வரைக்கும் எடுக்கவில்லை.

"பூட்டு நல்லா வேலை செய்யுதும்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லாத."

சின்ன வயதில் மல்லாட்டைக் கொல்லையில் மண்வெட்டி பட்டு சித்தப்பாவின் இடது கால் சுண்டு விரல் போனது என்று எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னாள். அன்று அது தெரியாது. அன்று எனக்கு இருந்த கவலை வேறு. வீட்டில் இருந்துகொண்டே யாரும் இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன், சாமி கண்ணைக் குத்தும். நாலு நாளும் விடிந்ததும் முதலில் கண்ணைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். அந்தப் பயத்தில்தான் அம்மா பேச்சை மீறி, கையெழுத்துப் போடக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா வெள்ளைச் சட்டையின் பட்டனைப் பாதியில் விட்டுவிட்டார்.

"கொரலு எப்டி இருந்துது?"

"உன்னுது மாதிரியே இருந்துதுப்பா."

அவர் நடு வீட்டுக்குப் போய்ப் படத்தின் முன்னால் நின்றார். கை மாலை வரைக்கும் போனது, திரும்பி வந்தது. வெளியே கார் வந்து நின்றது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, பொய் சொன்னதுக்குப் புள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுட்டா சரியாப் பூடும்" என்றார். தெருமுனைப் பிள்ளையார்தான். காரும் பின்னாலேயே மெதுவாக வந்தது.

பதினொன்று போடச் சொன்னார். நான் போட்டேன், அவர் எண்ணினார். ஏழு வரைக்கும் எண்ணியவர் நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால், அவரும் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். எனக்குத் துணைக்குப் போடுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. பயமெல்லாம் போய்விட்டது. பதினொன்று முடித்து நான் நின்றுவிட்டேன்.

"போதும்பா, முடிஞ்சிடுச்சி" என்றேன்.

கார்க்காரர் ஹாரன் அடித்தார். அப்பா நிறுத்தவில்லை.