தனத்துக்கு எடுத்த படப்புத்தகம்

மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் இருந்த எல்லைத் தகராறு தீர்ந்து எங்கள் பக்கம் ஆந்திராவோடு சேர்ந்த வருஷம், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். அதுவரை தமிழில் படித்த பிள்ளைகள் இனி தெலுங்கில் படிக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் என்னைத் திருப்பதிக்கு அனுப்பினார். "படம் போட்ட தெலுங்கு புஸ்தகமா பாத்து வாங்கிக்கினு வாங்கம்மா. பசங்களுக்கு ஒழுக்கம் வர்ற மாதிரி இருக்கணும்" என்றார்.

ஒழுக்கம் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு அப்போது. நல்ல பிள்ளைக்குப் பரிசு, கெட்ட பிள்ளைக்கு அடி என்று முடிகிற புத்தகங்களாகப் பன்னிரண்டு பொறுக்கி எடுத்தேன். போதாததற்கு, ஒவ்வொரு தெலுங்கு வரியின் கீழும் தமிழில் எழுதிய காகிதத் துண்டைக் கஞ்சி தடவி ஒட்டினேன். பிள்ளைகள் தமிழை மட்டும் மடமடவென்று வாசித்துவிட்டு மூடி வைத்தார்கள். தெலுங்கை ஒருவரும் தொடவில்லை.

அந்த வகுப்பில் தனம் என்று ஒரு பெண். தமிழில் முதல் ஆள். தெலுங்கில் ஒரு எழுத்து தப்பாகி எல்லோரும் சிரித்த நாளிலிருந்து வாயே திறப்பதில்லை. அவளுடைய அப்பா முனுசாமி ஒருநாள் பள்ளிக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி, கண்ணெல்லாம் சிவந்து.

"டீச்சரம்மா, இத்த திருத்தணியில எங்க அக்கா ஊட்டுக்கு அனுப்பிடறேன். அந்த ஊரு மெட்ராஸ் பக்கம் பூட்ச்சே, தமிழ்லயே படிக்கட்டும்."

"ஏழு வயசுப் பொண்ண உட்டுட்டு நான் எப்டி இருப்பேன்?" என்றாள் அந்த அம்மாள்.

பொங்கல் வரைக்கும் டைம் கேட்டேன். முனுசாமி அரை மனதோடு தலையாட்டினார்.

அன்று மதியமே தனத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு பையன் பானையை உடைக்கிறான், அடி வாங்குகிறான். அடுத்த பக்கத்தில் வேறொரு பையன் பரிசு வாங்குகிறான். அவள் பக்கங்களை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஒடச்ச பையன் அப்பறம் இன்னா ஆனான் டீச்சர்? அவன் படமே இல்லியே."

பன்னிரண்டு புத்தகத்தையும் புரட்டினேன். ஒன்றிலும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை மறுபடி திருப்பதி. இந்த முறை நடுப்பக்கங்களை மட்டும் பார்த்தேன். தப்பு செய்கிற பிள்ளை அடுத்த பக்கத்திலும் இருக்க வேண்டும். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "கடைசிப் பேஜ் பாக்காம எவரம்மா புஸ்தகம் வாங்குவாங்க?" என்றார்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒரு சிறுமி தண்ணீர்க் குடம் தூக்கி வருகிறாள், சிந்துகிறது. திரும்பப் போகிறாள், மறுபடி சிந்துகிறது. முடிவில் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து சேர்கிறாள். பரிசும் கிடையாது, பாராட்டும் கிடையாது. அதில் நான் காகிதம் ஒட்டவில்லை. தனம் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினாள்.

பொங்கல் கழிந்து முனுசாமியும் மனைவியும் வந்தார்கள். தனம் எழுந்து நின்று வாசித்தாள். மூன்றாவது வரியில் சிக்கிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். முனுசாமி தரையைப் பார்த்தார். அவள் விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் மறுபடி வாசித்தாள். அப்போதும் ஒரு எழுத்து தப்பு. ஆனால் நிற்கவில்லை, கடைசி வரை போனாள்.

"முடிஞ்சிதாம்மா?" என்றார் முனுசாமி.

"இல்ல நைனா. ரெண்டு தப்பு வந்துச்சி. நாளைக்கி இன்னொரு வாட்டி படிக்கிறேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணு வரலன்னு அக்காவுக்கு லெட்டர் போட்டுடலாம்" என்றார். அந்த அம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்திருக்கிறேன். இளம் டீச்சர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். தவறு செய்த பிள்ளையைப் பாதியில் விட்டுவிடாத புத்தகமாகப் பார்த்துக் கொடுங்கள். கொடுத்த பிறகு நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள். முதலாவதைத் தனம் எனக்கு ஒரே மதியத்தில் கற்றுக்கொடுத்தாள். இரண்டாவது கடைசி வரை எனக்குச் சரியாக வரவில்லை.