லில்லி டீச்சர் பறிக்கச் சொன்ன பல்

மூன்றாவது எக்ஸ்ரே ஃபிலிமை நான் கையில் எடுத்ததும் லில்லி டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"போதும் டாக்டரே. இனி எனக்க வாயில ஒண்ணும் வைக்க ஒக்காது. அந்தப் பல்லப் பறிச்சு களையுங்க."

இடது கன்னத்துக்குப் பக்கத்தில் கையைப் பிடித்திருந்தார். ஆனால் விரல் கன்னத்தில் படவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பாறசாலையில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நான் பல் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தேன். டீச்சர் ஆரியங்கோட்டில் அங்கன்வாடி டீச்சர், ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் செல்வராஜ் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கீழ்த்தாடையின் இடது பக்கம் தாங்க முடியாத வேதனை என்று வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஒரு பல்லை எடுத்திருந்தார்கள். வேதனை போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுக்கச் சொல்லி இருவரும் என்னிடம் வந்தார்கள்.

பல்லில் சொத்தை இல்லை. தட்டிப் பார்த்தேன், கூச்சமும் இல்லை. எக்ஸ்ரே பார்க்காமல் பறிக்க மனசு வரவில்லை.

அப்போது எங்களிடம் இருந்தது ஃபிலிம்தான். ஒரு சின்ன பாக்கெட்டை வாய்க்குள் வைத்து, நோயாளியையே விரலால் பிடிக்கச் சொல்லி எடுப்போம். பிறகு கை நுழைக்கும் உறை வைத்த இருட்டுப் பெட்டிக்குள் படத்தை எழுப்பும் டெவலப்பர் கரைசலில் முக்கி, தண்ணீரில் அலசி, அதை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரில் போட வேண்டும். அதுவரை படம் சரியாக விழுந்ததா என்பது யாருக்கும் தெரியாது. டீச்சர் வலியில் தலையை அசைத்ததால் முதல் ஃபிலிமில் வேரின் நுனி விழவில்லை. இரண்டாவதில் நுனி விழுந்திருந்தது, ஆனால் டெவலப்பர் வீரியம் போய் படம் வெளிறிக் கிடந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பல் நல்லாதான் இருக்கும்போல" என்றேன்.

செல்வராஜ் எட்டிப் பார்த்தார். "இதுல என்னத்த தெரியுது? ஒரு நகத்தளவு உண்டு. பொகை பிடிச்ச மாதிரி இருக்கு."

நாளைக்கு வருகிறோம் என்று போனார்கள். வரவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

சில மாதங்களில் ஆர்.வி.ஜி. மெஷின் வாங்கினேன். இதில் ஃபிலிம் கிடையாது. ஒயர் வைத்த சென்சார் ஒன்றை வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே எடுத்தால், படம் உடனே கம்ப்யூட்டரில் வந்துவிடும். ஆனால் சென்சார் ஃபிலிமைப் போல வளையாது, தடிமனாக இருக்கும். சின்ன வாய்க்காரர்கள் திட்டிக்கொண்டேதான் வைக்கவிடுவார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் செல்வராஜ் மறுபடியும் டீச்சரைக் கூட்டிவந்தார். டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். ஸ்கூட்டரில் காற்று படாமல் இருக்கத் தலையோடு துவர்த்துத் துண்டைச் சுற்றியிருந்தார். இதற்குள் வேறெங்கோ இன்னொரு பல்லும் போயிருந்தது. வேதனை மட்டும் அப்படியே இருந்தது.

"சாப்பாடு இல்ல டாக்டரே. முகம் கழுவ மாட்டா. பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்க ஒக்காதுன்னு லீவு போட்டுட்டா" என்றார் செல்வராஜ். "அன்னைக்குச் சொன்ன இந்தப் பல்லு ஆக்கும் காரணம். எடுத்து விடுங்க."

"ஒரு படம் எடுத்துப் பார்த்திட்டு எடுப்போம்" என்றேன்.

டீச்சர் ஒரு விரலைக் காட்டினார். ஒரே ஒரு முறைதான் வைக்கலாம் என்று.

சென்சாரை மெதுவாக உள்ளே கொண்டுபோனேன். அதன் ஓரம் ஈறில் லேசாகப் பட்டதுதான் தாமதம், கறண்டு அடித்ததுபோல டீச்சரின் உடம்பு துள்ளியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் கையை எடுத்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரந்தான். முகம் தெளிந்து, ஒன்றுமே நடக்காததுபோல அவரே வாயைத் திறந்தார்.

பல் வேதனை இப்படிப் பளிச்சென்று வந்து பளிச்சென்று போகாது. எனக்குள் ஏதோ பொறி தட்டியது. இரண்டாவது முயற்சியில் சென்சார் இடத்தில் உட்கார்ந்தது. உதவியாளர் சுனிதா பட்டனை அழுத்தினாள்.

திரையில் பல் எழுந்து வந்தது. வேரின் நுனிவரை முழுசாக. பெரிதாக்கினேன். மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

டீச்சர் துவர்த்தை விலக்கிவிட்டு உற்றுப் பார்த்தார். வேருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டி, "அது சீழ் வச்ச பழுப்புத்தானே?" என்று வாய் அசையாமல் கேட்டார்.

"இல்ல டீச்சர், அது எலும்புல நரம்பு வெளிய வாற ஓட்டை. எல்லாருக்கும் உண்டு."

அவர் நம்பவில்லை. எனக்கு ஒரு பல் கூசியபோது எடுத்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். "இது எனக்க பல்லு. கறுப்பு உண்டா இல்லையா பாருங்க."

இருந்தது. இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

செல்வராஜுக்குக் கோபம் வந்தது. "இத்தன பெரிய மெஷினு வச்சோண்டு ஒண்ணும் இல்லேன்னா சொல்லுதிய?"

டீச்சர் கேட்டதுதான் என்னை உலுக்கியது. "அப்பம் எனக்குக் கிறுக்கா டாக்டரே?"

"கிறுக்கு இல்ல. வேதனை நெசம். ஆனா அது பல்லுல இல்ல, முகத்துக்கு வாற நரம்புல ஆக்கும். எத்தன பல்லப் பறிச்சாலும் போகாது. இதுக்கு மாத்திரை உண்டு."

ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று அந்த நோய்க்குப் பெயர். நான் கல்லூரியில் படித்ததோடு சரி, அதுவரை நேரில் கண்டதில்லை. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதினேன். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, "இந்தப் பல்லு இருக்கட்டும்" என்றார். செல்வராஜ் ஸ்கூட்டரை எடுக்கப் போனார். மறுநாளே திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறினார்கள்.

திரும்பி வந்தபோது

நான் சந்தேகப்பட்டதுதான் நோய். மாத்திரையில் வேதனை அடங்கியது. தலை கிறுகிறுக்கிறது என்று முதலில் சொல்லியிருக்கிறார், அளவைக் குறைத்துச் சரிசெய்தார்கள். ஓணம் கழிந்து டீச்சர் என்னிடம் வந்தார், போன இரண்டு பல்லுக்குப் பதில் பல் கட்ட. துவர்த்து இல்லை. முகத்தில் பவுடர் போட்டிருந்தார்.

அங்கன்வாடிப் பிள்ளைகள், செல்வராஜின் சமையல், மழையில் ரப்பர் வெட்டு நின்றது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் அளவெடுக்கும் டிரேயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இளைய டாக்டர்கள் என்னிடம், ஃபிலிமா டிஜிட்டலா, எது நல்லது என்று கேட்பதுண்டு. நல்ல டெவலப்பரும் பொறுமையும் இருந்தால் ஃபிலிமும் நல்ல படம் தரும். ஆனால் அந்தப் படத்தை நான் மட்டும் ஜன்னலோரம் நின்று பார்த்து, முடிவை மட்டும் நோயாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் தன் பல்லைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அதை விட்டுவைத்தார். அதன்பின் கம்ப்யூட்டர் கேடாகி ஃபிலிம் எடுக்க நேர்ந்தாலும், ஒரு லென்ஸைக் கையில் கொடுத்து, நோயாளியை ஜன்னலுக்கு அழைத்துக் காட்டிவிட்டுத்தான் பேசுவேன்.

அன்று டீச்சரிடம் கடைசியில் கெஞ்சவேண்டி வந்தது. "டீச்சர், கொஞ்சம் பேசாம வாயைத் திறங்க. அளவு எடுக்கணும்."

"எடுக்கலாம், எடுக்கலாம்," என்றார். "எத்தன மாசம் பேசாம இருந்தேன் டாக்டரே, இந்த ஒரு விசயத்தையும் சொல்லிட்டு வாயத் திறக்கேன்."