கடலுக்குள் காற்றாடி

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். தரகர் ஒருவர் எனக்கு மாப்பிள்ளைப் படம் கொண்டுவந்தார். கந்தப்பளைப் பையன், டென்மார்க்கில் படகில் வேலை. கடலுக்குள் காற்றாடிகள் நட்டிருக்கிறார்களாம், அவை சுற்றினால் கரண்ட் வருமாம். அவற்றைப் பழுதுபார்க்கிறவர்களை ஏற்றிப்போகிற படகாம்.

மாமா தரகரை ஏற இறங்கப் பார்த்தார். "கரையில இருக்குற நம்ம லயத்து வீடுகளுக்கே கரண்டு வரல. கடலுக்குள்ள கரண்டு எடுக்குறாங்களாம். யாருக்குக் காது குத்துறீங்க?" என்றார்.

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த லயத்துப் பெண்ணை இப்படித்தான் கப்பல் வேலை என்று சொன்ன ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் கப்பலைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. நகைகளோடு அவன் மறைந்துவிட, அவள் கைப்பிள்ளையோடு திரும்பி வந்திருந்தாள். அவளைத் தினமும் மலையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் பையனுக்குப் பின்னால் கடல். அதில் வரிசையாக வெள்ளைக் கம்பங்கள், உச்சியில் இறக்கைகள். ஹட்டன் ஸ்டூடியோவில் என் அக்கா தாஜ்மகால் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறாள். இதுவும் திரைதான் என்று மாமா அடித்துச் சொன்னார், அப்பாவும் தலையாட்டினார். படத்தைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

கொடுக்குமுன் திரையின் ஓரம் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடித்து, தலைமுடி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க நின்றார். ஆடி மாதக் காற்றில் மலை உச்சியில் கொழுந்து பறிக்கும்போது எங்கள் எல்லோருக்கும் அதே முகம்தான். ஸ்டூடியோக்காரர் என்றால் சீப்பைக் கொடுத்து வாரச் சொல்லியிருப்பார்.

"இவரு காத்துலதான் நிக்கிறாருப்பா. வரச் சொல்லுங்க," என்றேன். எனக்கே என் தைரியம் ஆச்சரியமாக இருந்தது.

லீவில் பெண் பார்க்க வந்தவரை மாமா போலீஸ்காரர் மாதிரிக் குடைந்தார். அவர் கோபப்படவில்லை. கடலுக்குள் காற்றாடி என்று சொல்லித் தன்னை முதலில் படகில் ஏற்றியபோது தானும் நம்பவில்லை என்றார். "எங்கயோ கொண்டுபோயி தள்ளிவிடப் போறாங்கன்னுதாங்க நெனச்சேன். பாஸ்போட்ட இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் ஏறுனேன்."

மாமா அப்போதுதான் சிரித்தார். மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணீர் ஊற்றிவரச் சொல்லி எனக்குக் குரல் கொடுத்தார்.

இன்றும் யார் எதைச் சொன்னாலும் முதலில் சந்தேகப்படுகிறவள்தான் நான். ஆனால் இல்லை என்று சொல்லுமுன், சொன்னவர் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்.