சோபாவில் வெளுத்த இடம்

பக்கவாதம் வந்த பிறகு நைனாவுக்குப் பகலெல்லாம் எங்கள் வீட்டு மெரூன் துணி சோபாதான். தானாக எழுந்து போக முடியாது. ஆர்.கே.பேட்டையில் வேலை முடிந்து நான் பஸ் பிடித்து வருவதற்குள் சில நாள் நனைத்துவிடுவார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவருக்கு என்னால் கொடுக்க முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

ஆடிக் கிருத்திகைக்குத் தம்பி சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருவதாகச் சொன்னான். நாலு வயது மகளுக்குத் தள்ளிக்கொண்டே போன முதல் மொட்டை, மலைக்கோயிலில்.

"பேத்திய பக்கத்துல உக்கார வச்சிகினு கொஞ்ச நேரம் பேசணும்மா" என்று நைனாவுக்கு ஒரு வாரமாக இதே பேச்சு.

எனக்கோ சோபாவின் கறைதான் கண்ணை உறுத்தியது. சோப்பு, எலுமிச்சை, எதற்கும் அசையவில்லை. திருவிழாவுக்காகத் தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி, கரைத்துத் தேய்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கறையோடு சாயமும் போய், அவர் உட்காரும் இடம் மட்டும் முறம் அகலத்துக்கு வெளுத்துவிட்டது. படுக்கை விரிப்பைப் போட்டு மூடினேன்.

மலையிறங்கி வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை மட்டும் வாசற்படியிலேயே நின்றது.

"வா கண்ணு, தாத்தா பக்கத்துல உக்காரு" என்று நைனா நல்ல கையால் விரிப்பைத் தட்டினார்.

"வேணாம். நீங்க அதுல உச்சா போயிடுவீங்களாமே. அத்தை போன்ல சொன்னாங்க."

தம்பி மனைவி குழந்தையை அதட்டினாள். தம்பி செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். அவர்கள்மேல் கோபப்பட எனக்கு வாய் ஏது? வாராவாரம் போனில் புலம்பித் தீர்த்தவள் நான்தான். என் கஷ்டத்தை யாராவது 'ஐயோ பாவம்' என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக அப்பாவின் மானத்தை விற்றேன்.

நைனா கையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். விரிப்பு நனையவே இல்லை. காலையில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"தாகம் எடுக்கலயா நைனா?"

"எடுக்குது" என்றார்.